முக்கால் இன்ச்

ஒரு காரின் வயதைச் சொல்ல வேண்டுமானால் சீட்டக்கா அதன் முகத்தைப் பார்க்க மாட்டாள். பின்கதவைத் திறந்து சீட்டின் ஓரத்தில் கட்டைவிரலை அழுத்துவாள். விரல் இறங்கும்போது உள்ளே யாரோ முனகுகிற மாதிரி சத்தம் வந்தால் ஸ்பிரிங்கும் தேங்காய் நாரும் வைத்த காலத்து வண்டி. சத்தமே இல்லாமல் அமுங்கி, சோம்பலாக மேலே எழும்பினால் ஃபோம் வந்த பிற்பாடு. தலைக்குச் சாய்மானம் இருந்தால் இன்னும் பத்து வருஷம் இந்தப் பக்கம். ஒன்றிரண்டு வருஷம் முன்னே பின்னே போகும், அவ்வளவுதான். பழைய கார் வாங்க நினைக்கிறவர்கள் சிலர் அவளுடைய கட்டைவிரலை நம்பி வருவதும் உண்டு.

பட்டறையில் மூன்றே பேர். கார் சீட் தைப்பதும், கார்ப்பெட் விரிப்பதும், கூரைக்கு உள்துணி ஒட்டுவதும் அவள் வேலை. நசுங்கின தகட்டை அடித்து உருவத்துக்குக் கொண்டுவருகிற டிங்கர் அவள் புருஷன். ஊரே அவரை டிங்கர் என்றுதான் கூப்பிட்டது. கோபம் வந்தால் அவளும் அப்படித்தான் கூப்பிட்டாள். எஞ்சினும் பிரேக்கும் அவள் தம்பியுடையது. தொழிலுக்கு வந்த புதிதில் பதினாலாம் நம்பர் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டே 'பதினாலு எங்க, பதினாலு எங்க' என்று பட்டறை முழுக்கத் தேடியவன். அன்றிலிருந்து அவன் பெயர் பதினாலு. இப்போது அவனுக்கு நாற்பத்தொன்று ஆகிறது. பெயர் போகவில்லை.

பட்டறையின் முன்பாதிக்குத் தகரக் கூரை; பின்பாதிக்கு மேலே குடியிருப்பு. இரண்டு அறை, ஒரு சமையலறை. ஒரு அறையில் சீட்டக்காவும் டிங்கரும், இன்னொன்றில் பதினாலும், மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவன் மனைவியும். பதினோரு வருஷமாக ஒரே அடுப்பு. கீழே சுத்தியல் சத்தம் நின்றால் மேலே தேநீர் கொதிக்கிறது என்று அர்த்தம்.

அந்த வருஷம் பட்டறையின் நடுவில் நின்றது பல் டாக்டரின் கார். அவர் அப்பா ஓட்டிய வண்டி. பின்பக்கம் இரண்டு மூலையிலும் தகடு மேல்நோக்கி எழும்பி, மீன் வால் போலக் கூர்மையாக முடியும். முன்னால் வாய் நிறைய குரோம். ஒரே நீள சீட்டு. கியர் கம்பி ஸ்டியரிங்கின் கழுத்திலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும். கொண்டுவந்தபோது இடது வால் பாதிக்கு மேல் துருப்பிடித்துக் காணாமலே போயிருந்தது. டிங்கர் வலது வாலைப் பார்த்து அட்டையில் அச்சு வெட்டி, தட்டையான தகட்டிலிருந்து இடது வாலை எட்டு மாதம் அடித்து எடுத்தார். முடித்த அன்று கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் மாறி மாறித் தடவினார். "எது புதுசுன்னு சொல்லு," என்றார். அவளும் கண்ணை மூடித் தடவிப் பார்த்தாள். சொல்லத் தெரியவில்லை.

வால்களைப் பற்றி டிங்கரிடம் யாரும் வாயைக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் தேநீர் ஆறிவிடும்.

"ஒவ்வொரு பத்து வருஷத்துக்கும் ஒரு ஆசை," என்பார். "மொதல்ல ரொட்டி மாதிரி உருண்டையா செஞ்சான். அப்புறம் எல்லாருக்கும் ஆகாயத்துல கண்ணு. விமானத்துக்கு இருக்கே, காருக்கும் ஒரு வாலு இருக்கட்டும்னான். அதுக்கப்புறம் ஸ்கேல வெச்சுக் கோடு போட்டு டப்பா டப்பாவா செஞ்சான். பம்பர்ல ரப்பர ஒட்டினான். இப்ப காத்துக்குப் பயந்து எல்லாத்தையும் சோப்புக்கட்டி மாதிரி தேய்ச்சிட்டான். எது எந்தக் கம்பெனின்னு பேரப் படிச்சாத்தான் தெரியுது."

"வாலு வண்டிய நிறுத்துமா மாமா?" என்பான் பதினாலு, காருக்கு அடியிலிருந்து.

"எதுக்கு நிறுத்தணும்?"

"முன்னாடி ஆள் வந்தா நிறுத்தணும்ல."

அவனுக்கு வெளியே தெரிகிற எதிலும் அக்கறை இல்லை. அந்தக் காலத்து வண்டியில் பெடலை மிதித்தால் ஒரே ஒரு அறையிலிருந்து எண்ணெய் புறப்பட்டு, ஒரே பைப்பில் கிளம்பி, நாலு சக்கரத்துக்கும் போய்ப் பிரேக்கைப் பிடிக்கும். எங்கே ஒழுகினாலும் நாலும் போச்சு. பிறகு வந்த வண்டிகளில் அறையை இரண்டாக்கி, முன்சக்கரத்துக்கு ஒரு பைப், பின்சக்கரத்துக்கு ஒரு பைப் என்று பிரித்துவிட்டார்கள். ஒன்று போனாலும் மற்றது நிறுத்தும். டாக்டர் காருக்கும் அப்படிச் செய்துவிட வேண்டும் என்று பதினாலு முதல் மாதத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தான்.

"பானட்டுக்குள்ள அந்த எண்ணெய்ச் சிலிண்டர் கொஞ்சம் நீளமா இருக்கும். அவ்வளவுதான். எவனுக்குத் தெரியப்போகுது?"

"பழைய கார் கண்காட்சிக்குப் போற வண்டிடா இது," என்றார் டிங்கர். "ஜட்ஜுங்க கம்புல கண்ணாடி கட்டி அடியில விட்டுப் பாப்பாங்க. ஒரு பைப் கூட இருந்தா அசல் வரிசையிலருந்து தூக்கிருவான். பெயிண்ட்ல நெருப்பு வரைஞ்சு வெச்சிருக்கானுங்களே, அவனுங்க பக்கத்துல கொண்டுபோய் நிறுத்துவான். எட்டு மாசம் இந்த வால அடிச்சது அதுக்கா?"

"வாலுக்காக ஆள் சாகணுமா?"

"டாக்டரோட அப்பா செத்தாரா? இருபது வருஷம் ஓட்டியிருக்காரு."

பதினாலு பழைய மாதிரியே ஒற்றைப் பைப்பைப் போட்டான். பைப் புதியது, எண்ணெய் புதியது, வாஷர் புதியது. ஆனால் அதற்குப் பிறகு மாமனும் மச்சானும் வேலைக்குத் தேவையானதைத் தவிர வேறு பேசுவது குறைந்துபோயிற்று. ஒருவர் சாப்பிட்டு எழுந்த பிறகு மற்றவர் உட்கார்ந்தார். சீட்டக்கா இரண்டு தடவை பரிமாறினாள். சரியாகப் போய்விடும் என்று நினைத்தாள்.

அது நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, வெயில் ஏறிக்கொண்டிருந்த பதினொரு மணிக்கு. கண்காட்சிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. வண்டி ஓடும்போது பின்சீட்டில் எங்கேயோ ஒரு ஸ்பிரிங் கீச்சுகிறது என்று டிங்கர் சொன்னார். ஓட்டிப் பார்த்தால்தான் எது என்று தெரியும். பதினாலு ஃபேன் பெல்ட் வாங்கக் கடைக்குப் போயிருந்தான்.

"தம்பி வந்துரட்டுமே," என்றாள்.

"முக்கு வரைக்கும்தானே. நீ பின்னாடி உக்காந்து காத வெச்சுக் கேளு."

பட்டறைத் தெரு ஒரு மேட்டில் இருந்தது. கீழே இறங்கினால் கடைத்தெரு. அவள் சீட்டில் குனிந்து காதை ஒட்ட வைத்துக்கொண்டாள். இடது பக்கம் மூன்றாவது ஸ்பிரிங் என்று கண்டுபிடித்து, சொல்வதற்காக நிமிர்ந்தாள். டிங்கரின் கால் மேலும் கீழும் போய்வருவதைப் பார்த்தாள். தையல் மெஷினை மிதிக்கிற மாதிரி மிதித்துக்கொண்டிருந்தார்.

"பிடிக்கல," என்றார். குரலை உயர்த்தவில்லை.

கியரைக் குறைத்தார். வண்டி உறுமிக்கொண்டு கொஞ்சம் தயங்கிற்று. கைப்பிரேக்கை இழுத்தார். பின்சக்கரம் தேய்ந்து நாற்றம் வந்தது. ஆனாலும் பாதி லாரி கனம் இருக்கிற வண்டி. இறக்கம் அதைச் சும்மா விடவில்லை. கீழே காய்கறித் தள்ளுவண்டிகள் நின்றன. ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு குனிந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தாள். இடது பக்கம் கட்டிக்கொண்டிருந்த ஒரு வீட்டு வாசலில் மணல் குவித்திருந்தார்கள். டிங்கர் ஸ்டியரிங்கை ஒடித்து மணலுக்குள் விட்டார்.

சீட்டக்கா முன்சீட்டின் முதுகில் போய் மோதினாள். உதடு கிழிந்தது. நிமிர்ந்தபோது டிங்கர் ஸ்டியரிங்கின் மேல் படுத்திருந்தார். மூச்சை உள்ளே இழுக்கப் பார்த்து முடியாமல், மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினார்.

ஆஸ்பத்திரியில் மூன்று விலா எலும்பில் விரிசல் என்றார்கள். நுரையீரலில் குத்தாதது அதிர்ஷ்டம். மார்பைச் சுற்றிக் கட்டுப்போட்டு, ஒன்றரை மாதம் சுத்தியலைத் தொடக் கூடாது என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். சாயங்காலம் படுக்கையில் சாய்ந்தபடி அவர் கேட்ட முதல் கேள்வி, "வண்டிக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல," என்றான் பதினாலு. கதவுக்கு வெளியேதான் நின்றான். "பம்பர் கூட வளையல. மணலத் தட்டிவிட்டுத் தள்ளிட்டு வந்துட்டோம்."

"பாத்தியா. அந்தக் காலத்துத் தகடு."

"வண்டிக்கு ஒண்ணும் ஆகலன்னா அடி எங்க மாமா போகும்? உங்களுக்குள்ளதான் போகும். இப்ப வர்ற வண்டி மூக்கு அப்பளமா நொறுங்குதுன்னு சிரிக்கிறீங்களே, அது ஆளுக்குப் பதிலா நொறுங்குது. ஸ்டியரிங் தண்டு கூட இப்பல்லாம் மடங்கிக்கும். உங்க வண்டில ஈட்டி மாதிரி நிக்குது."

டிங்கர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். சற்று நேரத்தில் பல் டாக்டரின் போன் வந்தது. பதினாலு மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தான். கதவு திறந்தே இருந்தது.

"பிரேக் வேலையில கொஞ்சம் கவனம் பத்தல டாக்டர்," என்று டிங்கர் சொல்வது படிவரைக்கும் கேட்டது. "இனிமே நானே கூட நின்னு பாத்துக்கறேன்."

பதினாலு படியில் அப்படியே நின்றான். பிறகு கீழே போய்ச் சோப்புத்தூள் போட்டு முழங்கை வரைக்கும் கையைக் கழுவினான். சீட்டக்கா பின்னாலேயே போனாள்.

"வலியில பேசறாருடா."

"இருக்கட்டும்க்கா. என்னோட ஸ்பேனர் எல்லாத்தையும் தனியா எடுத்து வெக்கறேன். அந்த வண்டில இனிமே நான் கை வெக்கல. எங்க ஒழுகுதுன்னு அவரே கூட நின்னு பாக்கட்டும்." கையைத் துடைத்தான். "பஸ் டிப்போ பக்கம் ஒரு ஷெட் காலியா இருக்கு. அவகிட்டயும் சொல்லிட்டேன்."

மறுநாள் காலை தம்பி மனைவி சமையலறையில் பாத்திரங்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள். யாருடையது என்று நினைவில்லாதவற்றைக் கையில் தூக்கிக்காட்டி, "இது உங்களுதா அண்ணி, எங்களுதா?" என்று கேட்டாள். அழுதிருந்தாள் என்று தெரிந்தது. இரண்டு கரண்டிக்குச் சீட்டக்கா பதில் சொன்னாள். மூன்றாவதாக ஒரு வடிகட்டியைக் காட்டியபோது, "எதுன்னாலும் எடுத்துக்கோ," என்று கீழே வந்துவிட்டாள்.

பட்டறையில் யாரும் இல்லை. தகரம் காய்ந்து மேலே டிக் டிக்கென்று சத்தம் கொடுத்தது. காரின் அடியில் தரை நனைந்திருந்தது. அவள் கைவிளக்கை எடுத்துக்கொண்டு, ஒரு பழைய ரெக்சின் துண்டை விரித்து, மல்லாந்து உள்ளே நகர்ந்தாள். முப்பது வருஷம் பட்டறையில் இருந்தும் காரின் அடிவயிற்றைப் பார்க்க வேண்டிய வேலை அவளுக்கு வந்ததில்லை.

பதினாலு போட்ட பைப் டிரைவர் பக்க ஓரத்தில், தரைத்தகட்டை ஒட்டி, பின்னால் போயிற்று. நடுவில் ஒரு இடத்தில் ஈரம் பளபளத்தது. அதற்கு நேர் மேலே தகட்டைத் துளைத்துக்கொண்டு ஒரு ஸ்க்ரூவின் முனை எட்டிப்பார்த்தது. பைப்பில் ஊசிக் கண் அளவுக்கு ஓட்டை.

அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. கதவோரத்தில் கார்ப்பெட்டை அமுக்கிப் பிடிக்கிற அலுமினியப் பட்டையின் ஸ்க்ரூ அது. ஏழு போட வேண்டும். அரை இன்ச் ஆறுதான் இருந்தது. ஏழாவதுக்கு டப்பாவைக் கிளறி ஒரு முக்கால் இன்ச்சைப் போட்டாள். போடும்போது கடைசித் திருகில் கொஞ்சம் இறுகிற்று. கையில் அது இப்போதும் நினைவிருந்தது. அன்றைக்கே முனை பைப்பைச் சுரண்டியிருக்கும். வண்டி அதிர அதிரக் குடைந்து, இறக்கத்தில் டிங்கர் அழுத்தி மிதித்தபோது முழுதாகத் திறந்துகொண்டுவிட்டது.

வெளியே வந்து கதவைத் திறந்து பட்டையின் முன் உட்கார்ந்தாள். திருப்புளி பக்கத்திலேயே கிடந்தது. கழற்றி, சின்னதாக ஒன்றைப் போட்டுவிட்டால் போதும். புதுப் பைப்பே மட்டம் என்று ஆகிவிடும். பைப் செய்தவன் எங்கோ இருக்கிறான், அவனுக்கு வலிக்காது. தம்பிக்கும் கெட்ட பெயர் பாதி குறையும். திருப்புளியை வைத்து அரைச் சுற்றுத் திருப்பினாள். காய்கறி வண்டிக்குப் பக்கத்தில் குனிந்திருந்த பெண்ணின் முதுகு ஞாபகம் வந்தது. மறுபடி அரைச் சுற்று உள்ளே திருப்பினாள். இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று எழுந்தாள்.

ஆனால் சொல்லவும் வாய் வரவில்லை. அன்று முழுக்க ஒரு ஸ்கூட்டர் சீட்டைத் தைத்தாள், பிரித்தாள், திரும்பவும் தைத்தாள். ராத்திரி டிங்கரின் கட்டை இறுக்கிவிடும்போது அவர், "என்ன, ஊமையாயிட்ட?" என்றார். உதட்டில் தையல் இழுக்கிறது என்றாள்.

வியாழக்கிழமை காலை தேநீருக்கு எல்லோரும் சமையலறையில் இருந்தார்கள்; டிங்கர் மட்டும் திறந்த கதவுக்கு அந்தப் பக்கம் கட்டிலில். பதினாலு கடைசியாகத் தேநீர் குடிக்க வந்தவன் போல வாசல்படியில் உட்கார்ந்திருந்தான். அவள் டம்ளர்களை வைத்துவிட்டு நின்றாள்.

"பைப்ப ஓட்ட போட்டது என்னோட ஸ்க்ரூ," என்றாள். "கார்ப்பெட் பட்டையில போட்டது. முக்கால் இன்ச். அடியில போய்ப் பாத்தேன்."

பதினாலு டம்ளரை வைத்துவிட்டுக் கீழே போனான். போனவன் வெகுநேரம் வரவில்லை. அடியில் விளக்கு நகர்கிற சத்தம் மட்டும் கேட்டது. மேலே வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"எப்ப பாத்த?"

"நேத்து காலையில."

"நேத்து காலையிலருந்து சொல்லாம இருந்திருக்க."

"வாய் வரலடா."

"நான் என்ன நெனச்சிட்டிருந்தேன் தெரியுமாக்கா? எங்க இறுக்காம விட்டேன், எங்க இறுக்காம விட்டேன்னு ஒவ்வொரு நட்டா மனசுல திருகிட்டிருந்தேன். மாமாவக் கொன்னிருப்பேனேன்னு கையப் பாத்துட்டு உக்காந்திருந்தேன். நீ ஸ்கூட்டர் சீட் தைச்சிட்டிருந்த." உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

டிங்கர் கட்டிலிலிருந்து மெதுவாக, "அரை இன்ச் தீந்துபோச்சுன்னு என்னக் கேட்டிருக்கலாம்ல," என்றார்.

"கேட்டேன்."

"எப்ப?"

"நீங்க வால் அடிச்சிட்டிருந்தீங்க. இருக்கறதப் போடுன்னீங்க."

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்படியா சொன்னேன்?"

"சொன்னீங்க."

கொஞ்ச நேரம் கழித்து அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நாலு அடி நடந்து தம்பியின் அறைக் கதவுக்கு முன் நின்றார். தட்டவில்லை. "மச்சான்," என்றார். "டாக்டர்கிட்ட நான் பேசினது தப்பு. நானே போன் பண்ணி மாத்திச் சொல்லிடறேன்." தம்பி மனைவி எழுந்து, எடுத்து வைத்திருந்த வடிகட்டியை ஆணியில் திரும்ப மாட்டினாள்.

வெள்ளிக்கிழமை பல் டாக்டர் வந்தார். நரைத்த, சுத்தமான மனிதர். யாரைப் பார்த்தாலும் வாய்க்குள் பார்ப்பதுபோலவே பார்ப்பார். டிங்கர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்து முக்காலியில் உட்கார்ந்தார். சீட்டக்கா ஸ்க்ரூ விஷயத்தை ஒளிக்காமல் சொன்னாள். டாக்டர் அவள் உதட்டுத் தையலைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டார்.

"என் அப்பா இருபது வருஷம் ஓட்டினார்," என்றார். "அவருக்கு ஒண்ணும் ஆகலையே."

பதினாலு முந்தின நாளிலிருந்து அக்காவோடு பேசவில்லை. ஆனால் அங்கே வந்து நின்றான். "உங்க அப்பாவுக்கு அதிர்ஷ்டம் இருந்துச்சு டாக்டர். அத நான் பைப்ல ஊத்தித் தர முடியாது. ஸ்க்ரூ போடறது மனுஷக் கை. நட்டு இறுக்கறதும் மனுஷக் கை. எவனாவது எங்கயாவது தப்புப் பண்ணுவான். ஒரு தப்புக்கு நாலு சக்கரமும் போற மாதிரி இருக்கக் கூடாதுன்னுதான் அப்புறம் வந்தவன் ரெண்டாப் பிரிச்சான்."

"பிரிச்சா அசல் வரிசையில நிறுத்த மாட்டாங்க, இல்லையா?"

இந்தக் கேள்விக்கு டிங்கர்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அவர் சொல்லுமுன் இடது வாலை ஒரு தடவை பார்த்ததைச் சீட்டக்கா கவனித்தாள்.

"மாட்டாங்க," என்றார். "ஆனா நாங்க ரெண்டு பைப்தான் போடுவோம் டாக்டர். வேண்டாம்னா வண்டிய எடுத்துட்டுப் போயிருங்க. வேற பட்டறையில நீங்க கேக்கற மாதிரி செஞ்சு கொடுப்பாங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

டாக்டர் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ஸ்டியரிங்கின் நடுவிலிருந்த குரோம் குமிழைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். "பெல்ட் போட முடியுமா?" என்று சீட்டக்காவைக் கேட்டார்.

"இடுப்புக்குப் போடலாம். தோளுக்குப் போட நடுவுல தூண் இல்ல டாக்டர். அழகுக்காகத் தூணே இல்லாம செஞ்சிருக்கான்."

"இடுப்புக்காவது போடுங்க," என்றார்.

பெல்ட் மாட்டத் தரையில் துளை போட வேண்டிய நாளில், அவள் துளைக்கருவியோடு குனிந்தபோது பதினாலு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். "போடு," என்றான் கீழேயிருந்து. முனை வெளியே வந்ததும், "சரியா இருக்கு, அடுத்தது," என்றான். நாலு நாளுக்குப் பிறகு அவன் அவளிடம் பேசியது அதுதான். டிப்போ பக்கத்து ஷெட்டைப் பற்றிப் பிறகு யாரும் பேசவில்லை. ஆனால் அவன் ஸ்பேனர்கள் தனிப் பெட்டியிலேயே இருந்தன.

கண்காட்சி ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் நடந்தது. டாக்டரின் காரை 'மாற்றியமைக்கப்பட்டவை' என்று எழுதியிருந்த மூன்றாவது வரிசையில் நிறுத்தினார்கள். இந்தப் பக்கம் நெருப்பு வரைந்த வேன். அந்தப் பக்கம் பானட் வழியாக எஞ்சின் வெளியே எட்டிப்பார்க்கிற ஒரு வண்டி. கம்பில் கண்ணாடி கட்டிய ஜட்ஜுகள் முதல் வரிசையிலேயே பகல் முழுக்கக் குனிந்து குனிந்து நிமிர்ந்தார்கள்; இந்தப் பக்கம் வரவில்லை. உட்கார்ந்தால் விலா வலிக்கும் என்பதால் டிங்கர் காருக்குப் பின்னால் நின்றுகொண்டே இருந்தார்.

மத்தியானம் முதல் வரிசையில் வண்டி வைத்திருந்த ஒருவர் தண்ணீர் தேடி வந்தவர், இடது வாலின் முன் நின்றார். உட்கார்ந்து, கண்ணை வாலின் மட்டத்துக்குக் கொண்டுவந்து, நீளவாக்கில் பார்த்தார். எழுந்து வலது வாலையும் அப்படியே பார்த்தார்.

"ரெண்டுல ஒண்ணு கையில அடிச்சதுன்னு சொன்னாங்க. எது?"

"இடது," என்றார் டிங்கர்.

"அந்த வரிசையில நின்னிருக்க வேண்டியது."

"நின்னிருக்கும்."

அவர் தலையை ஆட்டிவிட்டுத் தண்ணீர் தேடிப் போனார். மூன்றாவது வரிசைப் பரிசு நெருப்பு வேனுக்குக் கிடைத்தது. "இன்னிக்கு நெருப்புக்குத்தான் மரியாதை," என்றான் பதினாலு. டிங்கர் சிரிக்கப் போய், விலாவைப் பிடித்துக்கொண்டார்.

திரும்பும்போது டாக்டரே ஓட்டினார். முன்னால் அவர் பக்கத்தில் டிங்கர்; பின்னால் சீட்டக்காவும் தம்பியும். நாலு பேரும் பெல்ட் போட்டிருந்தார்கள். பாதி வழியில் அந்த வருஷத்தின் முதல் மழை பிடித்துக்கொண்டது. வைப்பர் முனகி முனகித் தண்ணீரைத் தள்ளிற்று. டாக்டர் தன் அப்பாவுக்கு மழையில் ஓட்டுவது பிடிக்காது என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். இறங்கிச் செல்கிற ஒரு சாலையின் முடிவில், தன் பக்கத்துச் சிக்னல் சிவப்பானதைப் பார்க்காமல், தலையில் சாக்கைப் போர்த்திய சைக்கிள்காரன் ஒருவன் குறுக்கே வந்தான்.

டாக்டர் மிதித்தார். வண்டி மூக்கைத் தாழ்த்தி, ஈரத்தில் கொஞ்சம் வழுக்கி, நின்றது. சைக்கிளுக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு ஆள் நடந்துபோகிற இடம் இருந்தது. சைக்கிள்காரன் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனான்.

காருக்குள் கூரையில் மழை விழுகிற சத்தம் மட்டும். முன்னால் டிங்கர் இரண்டு கையாலும் டேஷ்போர்டைப் பிடித்திருந்தார். மெல்ல ஒவ்வொரு விரலாக எடுத்தார்.

"கால எடு அக்கா," என்றான் பதினாலு மெதுவாக. "அங்க பிரேக் இல்ல."

சீட்டக்கா குனிந்து பார்த்தாள். வலது கால் முழங்கால் விறைக்கக் கார்ப்பெட்டை அழுத்திக்கொண்டிருந்தது. பக்கத்தில் அவன் காலும் அப்படியேதான் இருந்தது. அவள் அதைச் சொல்லவில்லை. சிக்னல் இன்னும் பச்சையிலேயே இருந்தது. பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்த பிறகுதான் டாக்டர் கியரைப் போட்டார்.